ஃபாஸ்டினா காசு, டுபாண்டியஸா ஆஸா (ரெண்டும் பழைய ரோமக் காசு வகை)? உதவி பண்ணுங்க
வணக்கம் மக்களே, ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸோட மனைவி மூத்த ஃபாஸ்டினா பேர்ல அடிச்ச காசு ஒண்ணு கைக்கு வந்திருக்கு, முன்பக்கம் 'திவா ஃபாஸ்டினா'ன்னு (தெய்வமான ஃபாஸ்டினா) தெளிவா படிக்க முடியுது, அதனால அவங்க கி.பி. 140 வாக்குல இறந்து செனட் தெய்வமாக்கின பிறகு வந்ததுதான். பின்னலை உச்சந்தலையில சுத்தி கொண்டை போட்டிருக்கறது அப்படியே தெரியுது, அவ்ளோ அழகு! பின்பக்கம் ஒரு பெண் தீப்பந்தத்தோட நிக்கறாங்க, எஸ், சி எழுத்து (செனட் ஆணைப்படின்னு அர்த்தம்) மட்டும் மிஞ்சியிருக்கு. இது தானிய தேவதை சீரீஸா, நித்தியத்தோட தேவதை ஏட்டெர்னிடாஸா?

இன்னொண்ணு, ராஜா காசுன்னா கதிர் கிரீடம் பாத்து டுபாண்டியஸ்னு சொல்லிடலாம், இந்த ராணி காசுல அது இல்லையே, டுபாண்டியஸ் பித்தளை, ஆஸ் செம்பு, ஆனா பச்சைக் களிம்பு மூடினதால பித்தளையா செம்பான்னும் தெரியல. களிம்பைச் சுரண்ட மனசே வரல, எடையை வச்சு கண்டுபிடிக்கலாமா? ரெண்டு பக்க போட்டோவும் போட்டிருக்கேன், தெரிஞ்சவங்க பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.