தலைக்கு எவ்வளவு: ‘கந்தையா குடும்பம் லண்டன்’ வாட்ஸ்அப் குழு

சுதன்: அம்மாவுக்குக் கீழ அறை கட்ட அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு இண்டைக்கும் கவுன்சில் ஒண்டும் சொல்லேல்லை. எட்டுக் கிழமைக் கெடு எப்பவோ முடிஞ்சுது. பில்டர் இனி எனக்காகக் காத்திருக்க மாட்டானாம்.

வசந்தி சித்தி: அக்கா இப்ப எங்க படுக்கிறா?

சுதன்: முன் ஹாலில, சோபாவில. படி ஏற ஏலாது. கீழ அறை கட்டினாத்தான் சரி.

ரஜனி அக்கா: நான் அப்பவே என்ர வீட்டை வரச் சொன்னனான்.

சுதன்: அக்கா, இப்ப அது வேண்டாம்.

வசந்தி சித்தி: [படம் – பலமுறை பகிரப்பட்டது]
என்ர வேலையிடத்துக் குறூப்பில வந்தது. ஒவ்வொரு கவுன்சிலும் பிளானிங்குக்கும் (கட்டிட அனுமதி வேலை) பொருளாதார அபிவிருத்திக்கும் ஆளுக்கு எவ்வளவு செலவழிக்குது எண்டு போட்டிருக்கு. சுதன்ட கவுன்சில் அடியில கிடக்குது. சிட்டி ஒஃப் லண்டன் உச்சியில.

சுதன்: அப்ப அதுதான் காரணம்!! சனிக்கிழமை கவுன்சிலர் ஆக்களைச் சந்திக்கிற நேரம். இதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போறன்.

பிரியா: சனி தர்ஷன்ட பேர்த்டே எல்லோ?

யோகன் மாமா: சுதன், பொறு. அதைத் தூக்கிக்கொண்டு போகாதை. சிட்டி ஒஃப் லண்டன் எண்டா லண்டன் நடுவில இருக்கிற சின்ன ஒஃபிஸ் பகுதி. அங்க 2021 சென்சஸ்படி குடியிருக்கிறது கிட்டத்தட்ட 8,600 பேர். வேலைக்கு வந்து போறது 5 லட்சத்துக்கு மேல. அந்தக் கோபுரங்களுக்கெல்லாம் பிளானிங் பார்க்கிற செலவை 8,600 ஆல வகுத்தா உச்சியில நிக்காம வேற எங்க நிக்கும்? உன்ர கவுன்சிலில 3 லட்சம் சனம் படுத்தெழும்புது. ரெண்டையும் ஒரே பட்டியலில போட்டவனுக்கு என்ன தெரியும்?

பிரியா: மாமா தொடங்கிட்டார்

ரஜனி அக்கா: அப்பாவின்ர அந்தியேட்டிச் செலவையே எக்செலில தலைக்கு எவ்வளவு எண்டு பிரிச்ச மனிசன்

வசந்தி சித்தி: அதில என்ர ஆறு மாசப் பேரனையும் ஒரு தலையாப் போட்டவர். நான் மறக்கேல்லை.

யோகன் மாமா: அதை நேரில கதைப்பம் வசந்தி. இப்ப சுதன்ட விசயம். இன்னுமொண்டு, படத்தின்ர அடியில சின்ன எழுத்தில ‘நிகரச் செலவு’ எண்டு இருக்கு. பெரிசாக்கிப் பாருங்கோ. நிகரம் எண்டா வந்த வருமானத்தைக் கழிச்ச பிறகு மிஞ்சினது. வீட்டை நீட்ட விண்ணப்பிக்கிற கட்டணம் 2025 ஏப்ரலில 258 பவுணில இருந்து 528 ஆனது. அந்தக் காசெல்லாம் கழிபடும். நிறைய விண்ணப்பம் வாற கவுன்சில், எவ்வளவு பேரை வேலைக்கு வைச்சிருந்தாலும், பட்டியலில கஞ்சன் மாதிரித் தெரியும். அதோட, அந்த ஒரு தலைப்புக்குள்ள உன்ர விண்ணப்பத்தைப் பார்க்கிற பகுதி மட்டும் இல்லை. பில்டிங் கொன்ட்ரோல் (கட்டினது விதிப்படி இருக்கோ எண்டு பார்க்கிறது), கடைக்காரருக்கு உதவி, பொருளாதார அபிவிருத்தி, சமூக அபிவிருத்தி எல்லாம் ஒரே சாக்குக்குள்ள. ஒரு கவுன்சில் வியாபாரிகளுக்கு மானியம் குடுத்தா அதின்ர ‘ஆளுக்குச் செலவு’ ஏறும். ஆனா உன்ர பைலைப் பார்க்கிற ஆக்களின்ர எண்ணிக்கை ஏறாது.

சுதன்: வேலையில நிக்கிறன் மாமா, பிறகு வாசிக்கிறன்

வசந்தி சித்தி: எங்கட எப்சமும் அதில இருக்கே. அது நல்லா நிக்குது.

யோகன் மாமா: எப்சமை சுதன்ட இடத்தோட ஒப்பிட ஏலாது. உங்களுக்கு ரெண்டு கவுன்சில். பிளானிங் எப்சம் பார்க்குது, ரோட்டும் முதியோர் பராமரிப்பும் அதுக்கு மேல இருக்கிற சரே கவுண்டி கவுன்சில். பொருளாதார அபிவிருத்தியில ரெண்டு பேருக்கும் கை இருக்கு. லண்டன் பரோ, அதாவது சுதன்ட மாதிரி லண்டனுக்குள்ள இருக்கிற கவுன்சில், இதில பெரும்பகுதியைத் தனியச் சுமக்குது. ஒப்பிடுறதெண்டா வெளி லண்டன் பரோவை இன்னொரு வெளி லண்டன் பரோவோட ஒப்பிடு.

ரஜனி அக்கா: குரொய்டன் எங்க நிக்குது? எனக்கு எழுத்துத் தெரியேல்லை.

பிரியா: அக்கா உங்கட கவுன்சில் முறிஞ்சது எல்லோ

ரஜனி அக்கா: ஓம், 2023ல 15 வீதம் வரி கூட்டினவங்கள். கட்டினது நாங்கள். அதில பகிடி ஒண்டும் இல்லை.

யோகன் மாமா: ரஜனி சொல்லுறது சரி. குரொய்டன் 2020லயும் 2022லயும் 114ஆம் பிரிவு அறிவித்தல் போட்டது, அதாவது செலவுக்குக் காசு காணாது எண்டு கவுன்சிலே அறிவிக்கிறது. வோக்கிங் எண்ட சரேக் கவுன்சில் 2023ல. வோக்கிங்கில லட்சம் பேர் அளவில சனம், நகர மையத்தை அபிவிருத்தி செய்யிறம் எண்டு வாங்கின கடன் பில்லியன் கணக்கில. ஆனா கடன் வாங்கிக் கட்டினது மூலதனக் கணக்கு. இந்தப் பட்டியல் வருசாந்த நடைமுறைச் செலவு. வோக்கிங் கவிண்ட கதை இதில ஒரு வரியும் வராது.

சுதன்: அப்ப காசு குறைவெண்டதே பொய்யோ?

யோகன் மாமா: பொய் இல்லை, அதைத்தான் சொல்ல வாறன். 2010க்குப் பிறகு அரசாங்கம் கவுன்சிலுகளுக்குக் குடுக்கிற காசு வெட்டுப்பட்டது. முதியோரையும் பிள்ளையளையும் பார்க்கிற செலவு ஏறிக்கொண்டே போச்சு, அதில கை வைக்க ஏலாது. வெட்டு பிளானிங்கில விழுந்தது. தேசிய கணக்காய்வு அலுவலகம் 2018ல எழுதினது, ஆறு வருசத்தில இங்கிலாந்து முழுக்க பிளானிங், அபிவிருத்திச் செலவு பாதிக்கு மேல குறைஞ்சிட்டுது எண்டு. அக்கா சோபாவில படுக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். எனக்கும் வயிறு எரியுது. அதாலதான் சொல்லுறன், பிழையான தாளோட போனா கவுன்சிலர் ரெண்டு நிமிசத்தில உன்னைத் திருப்பி அனுப்பிடுவார்.

சுதன்: சரி, என்ன கேக்கிறது?

யோகன் மாமா: வீட்டு விண்ணப்பம் பார்க்க எத்தினை ஒஃபிஸர், எத்தினை இடம் காலி. நீட்டிப்புக் கேளாமல் எட்டுக் கிழமைக்குள்ள முடிச்சது எத்தினை. ‘நீட்டிப்புக் கேளாமல்’ எண்டதை விட்டிடாதை. நீ சம்மதிச்சு நாள் நீட்டினா அதையும் நேரத்துக்கு முடிச்ச கணக்கிலதான் சேர்ப்பினம். உனக்கு அப்பிடி ஈமெயில் வந்ததோ?

சுதன்: வந்தது. பதில் போட்டது மீனாவோ தெரியாது.

யோகன் மாமா: உடன கேள். எழுத்தில சம்மதிக்காட்டி, 16 கிழமை தாண்டினா கட்டணத்தைத் திருப்பிக் கேக்கலாம்.

வசந்தி சித்தி: தர்ஷன்ட பேர்த்டேக்கு ரோல்ஸ் ஆர் செய்யிறது? என்னால 60க்கு மேல ஏலாது.

பிரியா: ஹோல் 2 மணிக்குத்தான் திறப்பினம்

பெரியம்மா: [குரல் செய்தி 0:41]

பிரியா: பெரியம்மா சொல்லுறா, தான் ஒருத்தற்ற வீட்டையும் போகேல்லையாம், ஆனா ரஜனி அக்கா கோவிக்கக் கூடாதாம். 60 ரோல்ஸ் காணாதாம்.

ரஜனி அக்கா: நான் ஆரோட கோவிச்சன்? சனி காலமை சுதனோட நான் வாறன், கவுன்சிலரிட்ட. மாமாவும் வரட்டும்.

யோகன் மாமா: வாறன், ஆனா 12க்கு முதல் முடியவேணும். நிகரம் இல்லாமல் மொத்தச் செலவு, பக்கத்து நாலு பரோவோட, நான் எடுத்துக்கொண்டு வாறன்.

பிரியா: எக்செலிலயா?

யோகன் மாமா: வேற எதில?

சுதன்: மீனா போன் எடுக்கிறா இல்லை. சனி எத்தினை மணி எண்டும் பார்க்கவேணும். பின்னேரம் சொல்லுறன்.

வசந்தி சித்தி: ரோல்ஸுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை