புதுப்பிப்பு: ஒத்திகைக்குப் பிறகும் நிற்காத அழுகை

மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: மகன் வீடு திரும்பாத இரவில் காத்திருக்கும் தாயாக நடிக்கும் பிளஸ் ஒன் மாணவி, கண்ணீர் வருவதற்காகத் தன் பாட்டியின் சாவை நினைத்துக்கொள்கிறாள், ஒத்திகை முடிந்த பின்னும் அழுகை நிற்கவில்லை, என்ன செய்வது என்று. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டேன். உணர்ச்சி நினைவை, அதாவது சொந்த வாழ்வின் உணர்ச்சியை நினைவுக்குக் கொண்டுவந்து நடிப்பதை, பயிற்சியாக்கிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே தம் கடைசி ஆண்டுகளில், உடலின் செயலிலிருந்து தொடங்கும் முறைக்கு வந்து சேர்ந்தார். பதினாறு வயதுப் பிள்ளையின் ஆறாத துக்கத்தைக் கிளற எனக்கு உரிமை இல்லை. இதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

இப்போது அவளுக்கு ஒரே வேலை: மகனுக்குச் சோறு எடுத்து மூடிவைப்பது. முதல் நாள் வெறுமனே மூடினாள். "சோறு ஆறிவிட்டதா என்று பார்" என்றேன். மூடியைத் திறந்து, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, வாசல் பக்கம் திரும்பினாள். மறுபடி மூடியபோது பாத்திரத்தில் மூடி படும் ஓசைகூட எழவில்லை. கண்ணீர் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அசையவே இல்லை. முடிந்ததும் தோழியோடு சிரித்துப் பேசிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சிலர் பரிந்துரைத்த, அமெரிக்க நடிப்பு ஆசிரியர் மைஸ்னரின் பயிற்சி, அதாவது உடன் நடிப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது, மாணவர்களிடம் இன்னும் படியவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே வாய்ப்பாடுபோல ஒப்பிக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி முயல்கிறேன்.