48 வோல்ட் ஈ-ரிக்‌ஷாவில் 12 வோல்ட் ஸ்பீக்கர் ஓட்டுவது எப்படி?

கேள்வி: கோயம்பேட்டில் காய்கறி விற்கும் வண்டி. நாலு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, சீரிஸில். 60 வாட் ஆம்ப்ளிஃபயர், 20 வாட் எல்இடி, மொபைல் சார்ஜர் போடணும். கடைசி பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தா போதும்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

பதில்: வேண்டாங்க. சார்ஜர் நாலுக்கும் சேர்த்த மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கும். தனியா 12 வோல்ட் எடுத்த பேட்டரி முழுசா சார்ஜ் ஏறாம சல்ஃபேட் ஆகும், அதாவது தகட்டில் உப்பு படிஞ்சு கெடும். மத்த மூணும் ஓவர்சார்ஜ் ஆகி தண்ணி வத்தும். 48 வோல்ட்டை 12 ஆகக் குறைச்சுத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் வழி. மொபைல் சார்ஜரையும் சேர்த்து லோடு சுமார் 95 வாட், அதாவது 12 வோல்ட்டில் 8 ஆம்ப். ஹாரனும் இதிலேயே என்றால் 15 ஆம்ப் வாங்குங்க. சார்ஜ் ஏறும்போது 58 வோல்ட் வரை போகும், அதனால 72 வோல்ட் வரை தாங்கும் இன்புட் இருக்கணும். "48 வோல்ட்"னு மட்டும் எழுதியிருந்தா நம்பாதீங்க.

பதில்: ஃபியூஸை மறந்துட்டாங்க. முழு லோடில் இன்புட் பக்கம் 5 ஆம்ப்புக்குள்தான் வரும். 10 ஆம்ப் ஃபியூஸ், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஜாணுக்குள். கார் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான். 48-ல் உருகினாலும் உள்ளே வரும் தீப்பொறி (ஆர்க்) அணையாம போகலாம். 58 வோல்ட்டுக்கு மேல் டிசி ரேட்டிங் உள்ளதா சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் கேட்டு வாங்குங்க. வயர் இன்புட்டுக்கு 1.5, அவுட்புட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்.

பதில்: சாவி ஆஃப் ஆனதும் கன்வெர்ட்டரும் ஆஃப் ஆகணும், இல்லாட்டி சும்மா நிக்கும்போதும் கொஞ்சம் இழுக்கும். நவம்பர் மழைக்கு எபாக்ஸி ஊத்தி மூடின அலுமினிய பாடி வாங்குங்க, ஒயர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.