அந்த ஐந்து நிமிடம்: எண்ணப் போனவர்கள் எழுதுங்கள்

வெல்லாவெளி வட்டை

2025 மார்ச் 15, காலை 8.00 முதல் 8.05 வரை. பயிரைச் சேதப்படுத்தும் விலங்குகளை எண்ண இலங்கை முழுவதும் படிவத்துடன் நின்றோமே, அதைத்தான் சொல்கிறேன். குரங்கு, மந்தி, மயில், மர அணில். எங்கள் வயல் வட்டைக்கு மயில் இறங்குவது விடியற்காலையில். வெயில் ஏறினால் பற்றைக்குள் போய்விடும். எட்டு மணிக்கு வரம்பில் நின்றேன், ஒன்றும் இல்லை. பூச்சியம் என்று எழுதினேன். படிவம் சேர்க்க வந்த பொடியன் பார்த்துவிட்டு, "பூச்சியம் என்றால் தரத் தேவையில்லை அண்ணன்" என்று தாளை என் கையிலேயே திருப்பி வைத்தான். வேளாண்மை வெட்டும் வரை மயிலுடன் மல்லுக்கட்டியவன் நான். அந்தத் தாள் போகாததால் என் வயல் கணக்கில் என்னவாக இருக்கிறது? மயில் இல்லாத வயலா, யாரும் பார்க்காத வயலா?

கல்லடியிலிருந்து

அண்ணன், அந்தப் பொடியன் உங்கள் தாளைக் கட்டாயம் வாங்கியிருக்க வேண்டும். ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நான் மட்டக்களப்பு வாவியோரம் பாலமீன்மடுப் பக்கம் போவதுண்டு. 1987 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஒரே மாதத்தில் நடப்பது அது. ஒருமுறை முகத்துவாரத்தில் ஆலாக் கூட்டம் ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு படகின் இயந்திரச் சத்தத்துக்கு மொத்தமும் எழும்பியது. சற்று நேரத்தில் தெற்கே ஒரு கூட்டம் இறங்க, என் தோழி மறுபடி எண்ணத் தொடங்கினாள். எங்களை அழைத்துப் போன ஆசிரியர் அவளுடைய கொப்பியின்மேல் கையை வைத்து, "எழும்பியது எந்தப் பக்கம் போனது? அதைச் சொல், பிறகு எழுது" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாவது எண்ணிக்கையை அவர் சேர்க்க விடவில்லை. வெறுமையாகக் கிடந்த சேற்றுத்திடலுக்கோ, இடம், நேரம், காற்று எல்லாம் போட்டுப் பூச்சியம் எழுத வைத்தார். அடுத்த ஜனவரியில் அங்கே உள்ளான் பறவை வந்தால், வந்தது புதிது என்று சொல்ல அந்த வரிதானே சாட்சி.

மண்முனைத் துறை

தங்கச்சி சொல்வது கரையிலிருந்து தெரிவதற்குச் சரி. தண்ணீருக்குள் இருப்பதை யார் எண்ணுகிறார்கள்? மீன் விவரம் கேட்டு ஒருவர் படிவத்துடன் வந்தார். வலையைத் தோணியில் கொட்டினேன். "எத்தனை வகை?" என்று கேட்டு, எண்ணி, இலக்கத்தை மட்டும் எழுதினார். என் அப்பா காலத்திலும் வகை ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆனால் அன்று திரளியும் ஓராவும் கிடந்த இடத்தில் இன்று பாதிக்கு மேல் திலாப்பியா கிடக்கிறது. அந்த மீன் 1950களில் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெயரை எழுதுங்கள் என்றேன். படிவத்தில் இடமில்லை என்றார். அந்தப் பதிலை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

வந்தாறுமூலை மாணவன்

மண்முனை அண்ணன் சொன்னதை உலக அளவில் காட்டியிருக்கிறார்கள். 2014இல் உயிரியலாளர் மரியா டோர்னெலாஸ் குழுவினர் உலகின் பல இடங்களில் உயிரினங்களை எண்ணிய 100 நீண்டகாலப் பதிவுத் தொடர்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனி இடங்களில் இனங்களின் எண்ணிக்கை சராசரியாகக் குறையவில்லை. எந்த இனங்கள் என்பதுதான் மாறிக்கொண்டே போயிருந்தது. வெறும் இலக்கம் இந்த மாற்றத்தை மூடிவிடும்.

என் அனுபவம் சிறியது. செய்மதிப் படத்தில் வலையிறவுப் பக்கம் பச்சை கூடியிருந்தது. கண்டல் மரங்களா என்று பார்த்துவரச் சொன்னார்கள். லான்ட்சாட் என்ற அந்தச் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் அகல நிலம். அதில் இலை தெரியாது. தோணியில் போய்த் துடுப்பால் தொட்டேன். பச்சை முழுவதும் அசைந்தது. நீரில் மிதக்கும் ஆற்றுவாழை.

வெல்லாவெளி அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காணாதது வேறு, இல்லாதது வேறு. ஒரே பருவத்தில் பல வயல்களை, ஒவ்வொன்றையும் பலமுறை பார்த்து, கண்டதையும் காணாததையும் முறையாக எழுதினால், இருந்தும் கண்ணுக்குத் தப்பியதன் வாய்ப்பைக் கணிக்கலாம். 2002இல் டரில் மெக்கென்சியும் கூட்டாளிகளும் அதற்கான கணித முறையை வெளியிட்டார்கள். ஆகவே விடியலிலும் பாருங்கள், எட்டு மணிக்கும் பாருங்கள், மாலையிலும் பாருங்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை விடாதீர்கள். மழையா, வெட்டு முடிந்ததா, நாய் நின்றதா, எல்லாம் வேண்டும். பக்கத்து வயல்காரரும் அதே நேரத்தில் பார்த்தால் ஒரே மயில் இரண்டு தாளில் ஏறுவது குறையும். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தின் செயலியில் போடலாம். அந்தத் தளம் 2002 முதல் இயங்குகிறது. கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்ததாகக் குறித்தால்தான், பட்டியலில் இல்லாததைக் காணாததாக எடுத்துக்கொள்வார்கள். மயிலை மட்டும் போட்டால் பயன் குறைவு. செயலி வேண்டாமென்றால் கொப்பி போதும், ஆனால் திகதி...

மண்முனைத் துறை

தம்பி, அவர் கேட்டது தன் தாளைப் பற்றி. நீங்கள் பாடமே நடத்திவிட்டீர்கள். என் பக்கத்துக்கும் ஒன்று சொல்லுங்கள்: மாரியில் முகத்துவார மணலை வெட்டிக் கடலுக்கு வழி விட்டதும் வாவியில் உப்பு மாறி, மீனும் மாறும். அந்தக் கிழமையில் எண்ணியதையும் கோடையில் எண்ணியதையும் ஒரே நிரலில் போடலாமா?

வந்தாறுமூலை மாணவன்

கூடாது அண்ணன். உப்பளவைப் பக்கத்தில் எழுதாமல் போடவே கூடாது. அப்பாவின் காலத்து வலைக் கண்ணின் அளவு உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதுவும் வேண்டும்.