ஒரே அறையில் மூன்று வகுப்பு, டைரியைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. வாரத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்?

மலைப்பள்ளி டீச்சர்:
வணக்கம். ஏற்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஜூனில்தான் மாறி வந்தேன். 1 முதல் 3 வரை ஒரே அறை, 21 பிள்ளைகள். அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் முறையில், பிள்ளைகளின் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்கார வைப்பது பழகிவிட்டது. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியதிலிருந்துதான் சிக்கல். பெற்றவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள், திங்கட்கிழமை நடத்தியதை வியாழக்கிழமை கேட்டால் பாதிப் பேர் திங்கட்கிழமை வரவே இல்லை. வங்கிப் புத்தக நகல் வேண்டும் என்று டைரியில் 3 தடவை எழுதியும் 4 பேர்தான் கொண்டு வந்தார்கள். ஒரு பெண் குழந்தை நான் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையிலேயே 3 நாள் வைத்திருந்தாள். வீட்டில் வாசிக்க யாரும் இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

நாகலூர் சார்:
டீச்சர், டைரியை விடுங்கள், செய்தி பிள்ளை வாயில்தான் போக வேண்டும். மணி அடிக்க 10 நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு செய்தியை ராகம் போட்டுச் சொல்ல வைப்பேன், இரண்டு சொன்னால் இரண்டுமே போய்ச் சேராது. மறுநாள் பள்ளியில் காலை உணவு சாப்பிடும்போது "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன். அப்புறம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புதன்கிழமை என்றால் எப்போது என்று பிடிபடாது. செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று சாப்பாட்டை வைத்துத்தான் கிழமை சொல்லித் தருகிறேன். "பொங்கல் போடுற அன்னைக்கு வங்கிப் புத்தகம் வேணும்" என்றால் மறக்க மாட்டார்கள்.

பறிப்பு முடியும்வரை புதுப் பாடம் செவ்வாய் முதல் வியாழன் வரைதான். கடன் வாங்கிக் கழித்தலுக்கு அம்மா பறித்த கிலோ கணக்கையே எடுங்கள், நேற்று 52, இன்றைக்கு 38, எவ்வளவு குறைவு என்று. பலகையில் எழுதினால் விழிக்கிற பிள்ளை இதை மனக்கணக்காகச் சொல்லும்.

கொலுசுப் பட்டறை:
நான் ஆசிரியர் இல்லைங்க, சிவதாபுரத்தில் வெள்ளி வேலை. என் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. கொண்டு வராதவங்க எழுந்து நில்லுங்க என்று வாத்தியார் சொல்கிற நாளில் எனக்கு வயிறு வலி வந்துவிடும், பள்ளிக்கே போக மாட்டேன். அதை மட்டும் செய்யாதீங்க டீச்சர். நகல் எடுக்கிற கடை தோட்டத்துப் பக்கம் ஏது? புத்தகத்தையே கொடுத்துவிடச் சொல்லி நீங்களே டவுனில் எடுத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

மலைப்பள்ளி டீச்சர்:
எழுந்து நிற்க வைத்திருக்கிறேன் அண்ணா. இனிமேல் இல்லை. பொங்கல் ராகம் நேற்றே ஆரம்பித்துவிட்டோம், இன்றைக்குக் காலையில் 9 புத்தகம் வந்தது. சீட்டு வைத்திருந்த குழந்தையும் அம்மாவின் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். சார், ஒரு சந்தேகம்: ஒரு வாரம் முழுக்க வராத பிள்ளையைத் திரும்ப வந்ததும் அதே குழுவில் உட்கார வைப்பீர்களா?