குயில்ட் தைக்கும்போது மேல்துணி சுருங்குகிறது, உதவி தேவை

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பிள்ளைகள் இருவருக்கும் அவரவர் பெயர் வைத்து குயில்ட் போர்வை தைக்கிறேன். சின்ன வயதில் அவர்கள் போட்ட பருத்திச் சட்டை, பாவாடைத் துண்டுகள்தான் மேல்துணி. நடுவில் மெல்லிய பருத்தி வாடிங் (பஞ்சு அடுக்கு), அடியில் என் அம்மாவின் பழைய சேலை. மூன்றையும் சேர்த்து ஓட்டினால் மேல்துணி சுருங்கி மடிப்பு விழுகிறது. பெயர் எழுத்து வரும் தடித்த இடங்களில் தையல் விட்டுப்போகிறது.

மோட்டார் பொருத்திய பழைய கறுப்பு வீட்டு மிஷின், நேர்த்தையல் மட்டும். இரண்டு அடுக்கு என்றால் அருமையாகத் தைக்கும். ஊசியை 14-லிருந்து 16, 18 என மாற்றினேன். 18 போட்டதும் தையல் விடுவது குறைந்தது, சுருக்கம் போகவில்லை. பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, தையலை நீளமாக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டியும் பார்த்தாயிற்று. நெருக்கமாக நூலோட்டமும் போட்டிருக்கிறேன். பொள்ளாச்சி மெக்கானிக் பாபின் கேஸைச் சுத்தம் செய்துவிட்டு, மிஷினில் குறையில்லை என்றார். துணியை நகர்த்தும் கீழ்ப்பல் அடித்துணியை மட்டும் வேகமாக இழுக்கிறது என்று நினைக்கிறேன்.

மூத்தவள் அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். அந்தப் பாவாடைத் துணியை இனியும் பிரித்துத் தைத்தால் தாங்காது.

இந்த வகை மிஷினில் வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) பொருத்தி மூன்றடுக்கு தைத்தவர்களே, பொள்ளாச்சி, கோவை பக்கம் அதை எங்கே வாங்கினீர்கள்?