நியூரோடிரான்ஸ்மிட்டர்: கடத்தியா, தூதியா?

வணக்கம். நினைவாற்றல் பாடத்தை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருளான நியூரோடிரான்ஸ்மிட்டருக்கு 'நரம்பியக்கடத்தி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதே பிள்ளைகள் இயற்பியலில் செம்புக் கம்பியையும் கடத்தி என்றே படிக்கிறார்கள். கம்பி இருந்த இடத்திலேயே இருந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. குளுட்டமேட் என்ற நியூரோடிரான்ஸ்மிட்டர் அப்படியில்லை, நரம்பணுவின் நுனியில் நுண்பைகளில் அடைந்து கிடந்து, மின்துடிப்பு வந்ததும் வெளியே கொட்டி, சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைத் தானே கடந்துபோய் எதிரணுவில் தன்னை ஏற்கும் புரதமான ஏற்பியில் ஒட்டுகிறது. 'நரம்புத்தூதி' சரிவருமா?

—

ஐயா, தூதி என்றால் தூது போகும் பெண். 'வாயில்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், விறலியர் என்று பன்னிரு வகையினரை வாயில்கள் என்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய்வந்து ஊடல் தீர்ப்பவர்கள் அவர்கள். வழியையும் வழியாக வருபவரையும் ஒரே சொல்லால் குறித்த மொழி இது, இதை விட்டுவிடலாமா? 'நரம்புவாயில்' என்றே போடுங்கள்.

—

> 'நரம்புவாயில்' என்றே போடுங்கள்

வேண்டாம் அண்ணா. இன்று வாயில் என்றால் வாசல்தான், அந்த வாசலும் ஏற்பியில் இருக்கிறது. குளுட்டமேட்டை ஏற்கும் ஒரு வகையான என்எம்டிஏ ஏற்பியின் துளையை மக்னீசியம் அயனி அடைத்திருக்கும். குளுட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் போதாது, அந்நேரம் எதிரணுவும் கிளர்ந்திருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும், இணைப்பு வலுப்படும். கற்றது மனதில் தங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே வாயிலுக்கு வாயில் என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்?

தூதிலும் சிக்கல்தான், இரத்தத்தில் போகும் இயக்குநீரும் (ஹார்மோன்) தூதுதானே. கட தன்வினை, கடத்து பிறவினை. செய்தியை இடைவெளி கடக்கச் செய்வது கடத்தி, அதில் என்ன பிழை? 1921இல் ஓட்டோ லோவி என்ற அறிவியலாளர், இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டிய தவளை இதயத்தின் கரைசலை இன்னொரு இதயத்தில் விட்டார், அதன் துடிப்பும் தளர்ந்தது. அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'வேகஸ் பொருள்', அவ்வளவுதான். அது அசிட்டைல்கோலின் என்ற நியூரோடிரான்ஸ்மிட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. பெயர் எளிதாக இருக்கட்டும்.

—

சரி, எனக்குத் தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் கடத்தி பக்கமே. 'நரம்பியக்கடத்தி' என்றே அனுப்புகிறேன், மின்கடத்தியோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க ஓர் அடிக்குறிப்போடு.

—

அனுப்புங்கள் ஐயா. ஆனாலும் நான் வாயில் கட்சிதான். அப்புறம், நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?